மாடிப்படியில் ஏறிய துப்பாக்கி

சென்னையில் மகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்க்கப் போயிருந்தேன். துப்பாக்கி துடைக்கும் எண்ணெயின் வாசனை என்னைத் துபாயின் தேராவுக்கு இழுத்துப் போனது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வாப்பா அங்கே ஒரு வேட்டைச் சாமான் கடையில் விற்பனையாளர். அந்த வெள்ளிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். விசா புதுப்பிக்கும் தாள், எங்கள் விசாவுக்குப் பொறுப்பான கடை முதலாளி கபீலின் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும்.

பருத்த அரபி ஒருவர் வந்தார். "மலை வேட்டைக்கும் தூரக் குறிக்கும் ஒரே துப்பாக்கி வேணும்."

விலை உயர்ந்த, கனமான ஒன்றைக் கபீல் கண்ணால் காட்டினார். வாப்பா அதை எடுத்துக் கொடுத்தார்.

"அர்பாப், இதைத் தூக்கிக்கிட்டு மாடிப்படியை மூணு தடவை ஏறி இறங்குங்க. அப்புறம் குறி பாருங்க."

"என்னைக் கூலியாளுன்னு நெனச்சியா?"

"மலையில லிஃப்ட் மாஃபி, கிடையாது அர்பாப். ஏறித்தானே ஆகணும்?"

கபீலின் விரல்களில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் ஜெபமணிகள் நின்றன. நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

அரபி ஏறினார். மூன்றாம் முறை இறங்கிவந்து தோளில் வைத்தபோது குழல்முனை ஆடியது. மூச்சிரைக்கச் சிரித்தார்.

"கல்லாஸ், போதும். லேசானதைக் கொடு. இனி என் மகன்களுக்கும் இவன்தான் எடுத்துத் தரணும்."

அவர் போனபின் கபீல் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். வாப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கனமான துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைக்கத் தொடங்கினார்.