மானிப்பாயில் எனக்கு வேறு பெயர்

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, வாப்பா தொடை எலும்பு முறிந்து மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் தெருவே காலியாகிக்கொண்டிருக்க, உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வாப்பாவிடம் போனார். அப்போது எனக்கு ஆறு வயது.

அந்த வார்ட்டு நேர்ஸ் அன்ரி, வாப்பாவின் கட்டிலில் தொங்கிய நோயாளர் அட்டையில் ஒரு தமிழ்ப் பெயரை எழுதிவிட்டு, எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அதனால் உம்மாவுக்குப் பொட்டுத் தேவைப்படவில்லை. முக்காட்டை எடுத்ததோடு சரி. எனக்கு ஜெயந்தி என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயரைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. உம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடுவதுதான் கஷ்டம். தினமும் காலையில் அன்ரி பாடம் கேட்பார். பிழைவிடாமல் சொன்னால் ஒரு பிஸ்கற்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அன்ரியின் ஒரே மகன் வந்து நின்றார். தோளில் துப்பாக்கி. அவர் இயக்கத்தில் இருந்தார்.

“ஆரம்மா இவை?”

“என்னோடை வேலை செய்யிற பிள்ளையின்ரை தமக்கை. புருசன் வார்ட்டிலை கிடக்கிறார்.”

அவர் சாப்பிட இருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தி, மீனில் முள் எடுத்துத் தந்தார். பெயர் கேட்டார். “ஜெயந்தி” என்றேன். கெட்டிக்காரி என்றார். அந்தப் பாராட்டில் தலை கிறுகிறுத்து, அவருடைய தட்டிலிருந்த பெரிய துண்டை நானே எடுத்து வாயில் போட்டேன். முள் தொண்டையில் குத்தியது.

“உம்மா!” என்று கத்தினேன்.

உம்மா அசையவில்லை. அன்ரியும் அசையவில்லை. அவர்தான் சோற்றை உருட்டி என் வாயில் வைத்து, “சப்பாமல் விழுங்கு” என்றார். முள் இறங்கியது. பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினார்.

“சாப்பிட்டு முடியன் மோனை,” என்றார் அன்ரி.

“காணும் அம்மா. இனிக் கொஞ்ச நாளைக்கு நான் இந்தப் பக்கம் வரமாட்டன்.” படியிறங்கியவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “பிள்ளையை வெளியிலை விளையாட விடாதேங்கோ.”

மீனைப் பிடுங்கியதால் கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து நான் அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்றவில்லை.

நான்கு நாள் கழித்து, மேல் சிகிச்சைக்கென்று வாப்பாவை நோயாளர் வண்டியில் ஏற்றி, எங்களையும் வவுனியாவுக்கு அனுப்பிவைத்தார் அன்ரி. அங்கிருந்து புத்தளம் போனோம்.

அடுத்த வருடம் அன்ரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உம்மா அதை வாசித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“அந்த அண்ணைக்கு இன்னும் என்னிலை கோவமோ?” என்று கேட்டேன்.

“இல்லை மகள்,” என்றார் உம்மா. அன்ரியின் மகன் சண்டையில் செத்துப்போனதும், அந்த மத்தியானத்துக்குப் பிறகு அன்ரி அவரைக் காணவேயில்லை என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தன என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.