காசு வெட்டிப் போட்டேன், துரை தமிழில் கேட்டார்

என் புருஷனைப் போலீஸ் கூட்டிப் போன நாள் ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி. நான் செத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓமலூர் வழியில் ஒரு கல் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர் பாறைக்கு வேட்டு வைப்பவர். அன்று ஆட்கள் குழியை விட்டு ஏறும் முன்பே திரியைப் பற்றவைக்கச் சொன்னான் மேஸ்திரி. இவர் மாட்டேன் என்றார். மேஸ்திரியே பிடுங்கிப் பற்றவைத்தான். ஓர் ஆள் செத்துப்போனான்.

சுரங்கத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. மேஸ்திரி இங்கிலீஷில் சொல்வதுதான் அவருக்கு நாங்கள் சொன்னது. என் புருஷன் துரை காலில் விழுந்து, "நான் பத்தவெக்கலீங்க சாமி" என்று கதறினார். மேஸ்திரி என்னவோ சொன்னான். துரை முகம் கறுத்தது. ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, குற்றத்தை இவரே ஒத்துக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன். ஈரப் புடவையோடு நின்று, ஒரு செப்புக் காசை உளி வைத்து இரண்டாக வெட்டிப் போட்டேன். அநியாயம் பட்டவர்கள் எங்கள் பக்கம் செய்வது அது. அந்தக் காசு போல எதிரியின் வாழ்வும் துண்டாக வேண்டும். துரை பேரைச் சொல்வதா, மேஸ்திரி பேரைச் சொல்வதா, தெரியவில்லை. "ஆத்தா, எம்புருசன் சொன்னத முழுங்குனவன் எவனோ, அவனக் கேளு" என்றேன்.

ஒன்பதாம் நாள் அந்தத் துரை மாற்றலாகிப் போனார். புதுத் துரை வந்தார். வந்ததும் குழி மேட்டில் எல்லாரையும் கூட்டி விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மேஸ்திரி வழக்கம்போல் மாற்றிச் சொன்னான். துரை கையை உயர்த்தினார்.

"இந்த அம்மாள் அப்படி உரைக்கவில்லையே. நீ ஏன் பொய் உரைக்கிறாய்?"

வாத்தியார் வைத்துப் படித்த தமிழாம். புராணம் வாசிப்பது மாதிரி இருந்தது. எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் "மெதுவாகக் கூறுங்கள்" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் ஆளிடமும் அவரே பேசினார். அதுவரை பயந்து கிடந்த அத்தனை பேரும் வாய் திறந்தார்கள். மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

துரை நடந்ததை ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்ப, என் புருஷன் வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அக்னிச்சட்டி எடுக்கிறேன். ஆள் நிழலைக் கண்டாலே ஒதுங்கியவள், இப்போது எந்த அதிகாரி வந்தாலும் நேரே நின்று பேசுகிறேன்.

மேஸ்திரி மேல் கேஸ் ஆனது. போலீஸ் வருவதற்கு முந்தி என் வாசலுக்கு ஓடி வந்தான். காசை வெட்டியவளே கோயிலுக்குப் போய் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால்தான் அந்தச் சாபம் தீரும் என்பது அவனுக்கும் தெரியும்.

"புள்ளகுட்டிக்காரன் அம்மிணி. எனக்காவ ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"செத்தவனும் புள்ளகுட்டிக்காரந்தான். நீயே போயிச் சொல்லு. அவளுக்குத் தமிழ் தெரியும்."

கதவைச் சாத்தினேன். இன்றுவரை மஞ்சள் தண்ணீர் ஊற்றவில்லை. அநியாயம் பட்டு நிற்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.