விபூதியில் துலக்கிய தாலர்

பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்டில் சாந்தாமணியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஈரோட்டில் வரலாறு படித்தவர். கணவர் நஞ்சுண்டனின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. சும்மா இருக்கவும் அவரால் முடியாது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும் நாணயச் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். அங்கே பெண் என்றால் அவர் ஒருவர்தான். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அவருக்குப் பிடித்தவை மேல்முத்திரை விழுந்த வெள்ளிக்காசுகள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அயல்நாட்டுக் காசு வந்து சேர்ந்தால், அதை உருக்காமல், தன் முத்திரையை மேலே அடித்துப் புழக்கத்தில் விடும் அரசுகள் இருந்தன. ரஷ்யா 1655இல் தாலர் என்ற பெரிய காசுகளில் குதிரைவீரனையும் ஆண்டையும் அப்படித்தான் அடித்தது. அதில் ஒன்று, கன்னங்கரேலென்று கறுத்தது, சாந்தாமணியிடம் இருந்தது.

1997 அக்டோபரில் சங்கத்தின் கண்காட்சியில் அதை வைக்க விரும்பினார். தலைவர் ஃபிராங்க் தயங்கினார். குதிரைவீரனைப் பின்னாளில் யாராவது செதுக்கியிருக்கலாம், சனிக்கிழமை கண்காட்சியன்றே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நஞ்சுண்டன் லேப்டாப்பையும் கார் சாவியையும் சாமி முன் வைத்தார். மனைவியின் ஆயுதம் எது என்று யோசித்தார். தாலரை எடுத்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் விபூதி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வைத்துவிட்டார்.

"ஏனுங்க, இத யாரு தேய்ச்சது?"

"நாந்தான். ஒரே அழுக்கு. சாமி முன்னால அப்படியேவா வெக்கறது?"

"அது முந்நூறு வருசத்து அழுக்குங்க. கிளீன் பண்ணுன காச கலெக்டர்ஸ் தொடவே மாட்டாங்க."

நஞ்சுண்டனின் முகம் சுருங்கியது. "ஓவன்ல வெச்சா மறுபடி கறுக்காதா?"

"நீங்க வெச்சா கருகவே செய்யும். விடுங்க."

சந்தனத்தைக் கழுவி, காசை விளக்கடியில் திருப்பிப் பார்த்த சாந்தாமணி அப்படியே நின்றார். குதிரைவீரன் இருந்த இடத்துக்கு நேர் மறுபக்கம், காசின் பழைய கேடயச் சின்னத்தில் ஓரிடம் மட்டும் தட்டையாக நசுங்கியிருந்தது. இத்தனை நாள் கறுப்பு அதை மறைத்திருந்தது. உளியால் செதுக்கினால் மறுபக்கம் நசுங்காது. சம்மட்டி அடி விழுந்தால்தான் நசுங்கும்.

மறுநாள் ஃபிராங்கிடம், காசைத் துலக்கிவிட்டோம் என்பதை அவரே முதலில் சொன்னார். ஃபிராங்க் முகத்தைச் சுளித்தார். துலக்கிய காசை இங்கே வைக்கும் வழக்கம் இல்லையே என்றார்.

"பளபளப்பைக் காட்ட நான் கேட்கவில்லை. முத்திரையைக் காட்டத்தான் கேட்கிறேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, காசைத் திருப்பி, பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார் சாந்தாமணி. ஃபிராங்க் குனிந்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். பிறகு நிமிர்ந்து, இரண்டு பக்கமும் தெரிய வேண்டுமே என்று அடியில் வைக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி தேடப் போனார்.

தாலர் மேசை ஏறியது. 'அடித்த முத்திரை. அண்மையில் துலக்கப்பட்டது' என்று சாந்தாமணி அட்டையில் எழுதி வைத்தார். நஞ்சுண்டன் சாயங்காலம்வரை பக்கத்திலேயே நின்று, துலக்கியது நான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அதப் பெருமையா வேற சொல்லோணுமா?" என்றார் சாந்தாமணி.