இப்திகாரின் சின்ன வயது

பல்லேபொலவில் மிளகு காயப் போட்டிருக்கும் முற்றத்துக்குக் குறுக்கே பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். நிப்லா ஓடினால் மட்டும் பாயே சுருண்டு போகும். எட்டு வயதுப் பெண். ஒரு காலில் தன் செருப்பு, மற்றக் காலில் உம்மாவின் செருப்பு. அன்றைக்கும் அப்படித்தான் சிதறியது. அவளுடைய உம்மா ஸஹ்னா குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, புருசனின் தங்கை மஸீனா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி அதைச் சொன்னாள்.

"மதினி, கோவிக்க வாணாம். மாமன்ட ரத்தம்தானே. கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க."

ஸஹ்னா கோவிக்கவில்லை. கையிலிருந்த மிளகைச் சுளகில் போட்டுவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டாள்.

மாமன் என்றது ஸஹ்னாவின் தம்பி இப்திகாரை. அவனும் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து சாதிக்காய் ஓடு உடைத்துக்கொண்டுதான் இருந்தான். காதில் விழுந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. அந்த முகத்தில் எதுவும் தெரிந்து எத்தனையோ காலமாகிறது.

பள்ளிக்கூடம் முடிக்கும் ஏ.எல். சோதனை எடுத்த வருடம் அவனுக்கு அது வந்தது. கடை ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றான். வீட்டுச் சோற்றைத் தொட மறுத்தான். ஒருநாள் காணாமல் போய், வில்கமுவப் பக்கம் வயல்வெளியில் திரிந்தவனை யாரோ உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஊதிக் கொடுத்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு என்றார்கள். மாதம் ஒரு ஊசி, தினமும் குளிசை. குரல்கள் நின்றன. கூடவே வேறு பலதும் நின்றுபோயின. ஸஹ்னா கலியாணம் முடித்துப் பக்கத்து வளவுக்குத்தான் போயிருந்தாள். வாப்பா முன்பே போய்விட்டார். அவர்களின் உம்மாவும் மௌத்தான பிறகு தம்பியை அவளே தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். புருசன் ஸப்ரி நல்ல மனிதன். தோட்டம் தோட்டமாகத் திரீவீலில் போய் மிளகும் கராம்பும் வாங்கி டவுனில் விற்பவன். "சரி, இருக்கட்டும்" என்ற ஒரு பேச்சோடு அந்த விசயத்தை முடித்துவிட்டான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய ஐபை, அதாவது குறையை, வெளியே எடுக்கக்கூடாது. அடுத்தவரின் குறையை நாம் மறைத்தால் மறுமையில் நம் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்கள். உம்மா இதைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டாள். வெளியே மறைத்தது போதாமல் வீட்டுக்குள்ளும் மறைத்தாள். இப்திகார் சின்னதில் எப்படி இருந்தான் என்று யாராவது வாயெடுத்தால், "இப்ப அது என்னத்துக்கு?" என்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "நல்ல புள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஸஹ்னா பள்ளிக்கூடக் காலத்தில் மாத்தளை டவுனில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் தங்கிப் படித்தவள். கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. தம்பியோடு இருந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் யாரும் பேசாமல் விட்டால் அது எங்கே தங்கும்?

நிப்லாவின் டீச்சரும் சொல்லிவிட்டார். எழுதத் தொடங்கினால் முடிப்பதில்லை, இருத்தினால் இருப்பதில்லை, டொக்டரிடம் காட்டுங்கள் என்று. ஸஹ்னா தலையாட்டிவிட்டு வந்தாள். காட்டவில்லை. காட்டினால் ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர் தம்பியின் நோய்க்கு முதல் படியாக இருந்துவிட்டால்? தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் ஊசிக்குப் போனபோது, கிளினிக்கில் ஒரு பெண் அவர்களிடம் வந்தாள். பெயர் டயனா. எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளை. ஆய்வுக் குழு ஒன்றுக்காகத் தமிழ் ஆட்களிடம் பேசுகிறாள்.

"அக்கா, ஒரு ஆராய்ச்சி நடக்குதுங்க. சின்னதுல துறுதுறுன்னு, கவனமில்லாம இருந்த பிள்ளைங்களுக்கும் இந்த மனச்சிதைவு வருத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கிறாங்க. இவரு சின்னதுல எப்படி இருந்தாருன்னு தெரிஞ்ச ஆளு வேணும். விருப்பம் இல்லாட்டி பரவாயில்லைங்க."

ஸஹ்னா, "கேளுங்க மிஸ்" என்றாள்.

சின்ன அறை. மின்விசிறி சத்தம் போட்டதே தவிர காற்று வரவில்லை. இப்திகார் கதவோரக் கதிரையில் முழங்கால்மேல் கைகளை வைத்து உட்கார்ந்தான். விரல்கள் மெல்ல நடுங்கின. அது மருந்தின் நடுக்கம்.

"ஒரு இடத்துல இருப்பாராங்க?"

"எங்க மிஸ்! சோறு திங்க வச்சா மூணு தரம் எழும்பிய. பாதிச் சோறு பூனைக்கு."

டயனா சிரித்தாள். "சாமான் தொலைப்பாரா?"

"தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுத்து ஏலா. போன மாசம் வாங்கின..." ஸஹ்னா ஒரு கணம் நின்று, "மாசத்துக்கு ஒண்டு" என்று திருத்திக்கொண்டாள்.

தன்னிடம் இவ்வளவு இருக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. கேட்கக் கேட்க வந்தது. ஓதல் பள்ளியில் அடுத்த பிள்ளையின் தொப்பியைக் கழற்றியது, கதை சொன்னால் முடிவைக் கேட்காமல் எழுந்து ஓடியது. அவள் குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள்.

"மோட்ட சைக்கிள் ஒண்டு நிப்பாட்டி ஈந்த. ஓடிப் போய் சைலன்சர்ல கால வச்சிச் சுட்டுக்கொண்ட. கெண்டைக்கால்ல, இவ்வளவு பெரிசு."

"எந்தக் காலுங்க?"

"இடது."

கதவோரத்திலிருந்து சத்தம் வந்தது. "தாத்தா."

அவர்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்திகார் குனிந்து இடக் காலின் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான். ஊதிப்போன, வெளுத்த கெண்டைக்கால். தழும்பு எதுவும் இல்லை.

"அது நிப்லா" என்றான். "நீங்க சொல்றது எல்லாம் நிப்லா. எங்கட காலத்துல போத்தல் எங்க ஈந்த? பைப்புலதானே குடிச்ச."

டயனா பேனாவைக் கீழே வைத்தாள். ஸஹ்னா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் காலில் அந்தச் சூட்டுப் புண்ணுக்கு மருந்து பூசியவள் அவள்தான். நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை அது. எப்படித் தம்பியின் காலுக்கு மாறியது?

"அப்ப நீங்க எப்படிங்க இருந்தீங்க?" டயனா அவனிடம் கேட்டாள்.

"நானா?" அவன் நேரம் எடுத்தான். "வச்ச இடத்துல ஈந்த. படிப்பிச்ச சேர் எல்லாருக்கும் என்னத்தான் காட்டிய. இவனப் பாருங்கடா, இவனப் போல இரிங்கடா எண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆக்களப் பத்தி அவருக்கு நல்ல விளக்கம்" என்றான்.

அது பகிடியா உண்மையா என்று இரு பெண்களுக்கும் புரியவில்லை. அவன் கால்சட்டையை இறக்கிவிட்டான்.

டயனா எழுந்துபோய் டொக்டரை அழைத்து வந்தாள். டொக்டர் ஒரு நோனா, சிங்களம் பேசும் பெண்மணி. ஸஹ்னாவும் சிங்களத்திலேயே கேட்டாள். தம்பி துறுதுறுப்பான பிள்ளையாக இருக்கவில்லையாம். அப்படியென்றால் என் மகளுக்கு இது வராதுதானே?

டொக்டர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அப்படியும் சொல்ல முடியாது என்றார். சின்ன வயதில் கவனக் குறைவும் மிகை இயக்கமும் இருந்தவர்களுக்கு இந்த நோய் வருவது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அவர்களில் அநேகருக்கு இது வருவதேயில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தாலும் அப்படித்தான், கொஞ்சம் கூடும், பெரும்பாலும் வராது. மிகவும் அடங்கி இருந்த பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வதுதான் ஆய்வு. ஒரு பிள்ளையைக் காட்டிக் கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

"மகளுக்கு என்ன வயது?" என்று கேட்டார் டொக்டர்.

"எட்டு."

"அவளுக்கு இப்போது உதவி தேவை. அது வேறு விசயம். இந்தப் பயத்துக்காக அதைத் தள்ளிப் போட்டால் பள்ளிக்கூடத்தில் அவள்தான் கஷ்டப்படுவாள்."

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று ஸஹ்னா காத்திருந்தாள். எதுவும் இறங்கவில்லை. மகளைப் பற்றித் தெரிய வேண்டியது தெரியாமலே இருந்தது. அதோடு தம்பியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு முழுச் சின்ன வயது. அதைப் பார்த்த உம்மா மண்ணில்.

டயனா மெதுவாகக் கேட்டாள். "வேற யாராச்சும் இருக்காங்களாங்க, இவர சின்னதுல பாத்தவங்க?"

"இல்ல மிஸ்."

"அப்ப இந்தப் பகுதிய விட்டுருவோம். பரவாயில்லைங்க. நெறைய பேருக்கு அப்படித்தான்."

அறைக்கு வெளியே வந்ததும் ஸஹ்னா ஆஸ்பத்திரி நடையில் நின்றாள். வலப்பக்கம் மருந்து வாங்கும் வரிசை, பிறகு பஸ். இடப்பக்கம் பிள்ளைகளுக்கான கிளினிக் என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை. எத்தனையோ தடவை இந்தப் பலகைக்குக் கீழே நடந்து போயிருக்கிறாள்.

"தம்பி, கொஞ்சம் நிக்க ஏலுமா?"

"ஏலும்."

பலகைப் பக்கம் போனார்கள். மேசையில் ஒரு நேர்ஸ் இருந்தார். நடை நிறைய ஆட்கள். முன் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பல்லேபொலக் கடைத்தெருவில் பார்த்த முகம் ஒன்றும் இருந்தது. நேர்ஸ் பிள்ளையின் பெயர் கேட்டார், வயது கேட்டார், என்ன பிரச்சினை என்று கேட்டார். ஸஹ்னா சொன்னாள். சோறு, போத்தல், சைலன்சர் சூடு, முடிக்காத எழுத்து. சற்று முன் சொன்ன அதே வார்த்தைகள்தான். இப்போது அவை ஆள் மாறாமல் வந்தன.

"குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்கா?"

வாங்கில் இருந்த அந்த முகம் திரும்பியது. ஸஹ்னா குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

"ஈக்கி. என்ட தம்பிக்கு. அந்தா நிக்கிறார்."

நேர்ஸ் எட்டிப் பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்ற இப்திகார், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல, நடுங்கும் கையைத் தோள்வரை உயர்த்திக் காட்டினான்.

"செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார் நேர்ஸ். "காலையிலயே. புள்ளைக்குச் சாப்பாடு குடுத்துட்டு வாங்க, நேரம் எடுக்கும்."