முதலியார்பேட்டைக்கு அண்ணி கேட்ட டவர்

செல்போன் நிறுவனத்தின் சென்னை அதிகாரி கார் மேல் விரித்த புதுச்சேரி வரைபடம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடற்கரையை ஒட்டிய பெரிய வீடுகளைச் சுற்றி, 3ஜி டவர் வைப்பதற்கென்று சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். 3ஜி என்ற பேச்சு அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. அதே நிறுவனத்தில் புதுச்சேரித் திட்ட அலுவலராக இருந்த என் அண்ணி, வட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆணோடு மருமகள் தனியாகச் சுற்றுவதா என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பியிருந்ததால், பள்ளி ஆசிரியையான எனக்கும் இதெல்லாம் காணக் கிடைத்தது.

பெரிய வீடு என்றால் பெரிய செலவாளி என்று சென்னையில் நினைத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருப்பது எங்கள் ஊர்க் காக்கைக்குக்கூடத் தெரியும். "பூட்டு தொங்குற வீடு யாருக்கு சார் போன் பண்ணும்?" என்று கேட்டபடி அண்ணி அவரைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டினார். "அப்போ இந்த ஊருக்கே 3ஜி கட்டுப்படியாகாதும்மா. போட்ட முதல் திரும்பாது" என்று அவர் வரைபடத்தைச் சுருட்டினார். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. இன்னும் ஒரே ஒரு இடம் என்று கெஞ்சாத குறையாக முதலியார்பேட்டைக்கு அழைத்துவந்தார்.

அது என் அண்ணனின் பிரவுசிங் சென்டர். பிரான்சில் பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரம் பார்த்து, ஞாயிறு மதியம் அங்கே கூட்டம் நெரியும். கேமராவில் பாதி நெற்றிதான் தெரியும். அதற்கும் தாய்மார்கள் பட்டுப்புடவை கட்டித் தலைநிறையப் பூ வைத்து வருவார்கள். அன்று ஒரு அம்மா மீன்குழம்புச் சட்டியையே தூக்கிப் பிடித்து, "தெரியுதாடா? வஞ்சிரம்டா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இவங்க எல்லார்கிட்டயும் செல்போன் இருக்கு சார். அதுலயே புள்ள மொகம் தெரிஞ்சா விடுவாங்களா?" என்றார் அண்ணி. அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. நேராக அண்ணனிடம் போய், 3ஜி வந்தால் இவர்கள் அதில் பேசுவார்களா என்று கேட்டார். அந்தக் கூட்டம்தான் அண்ணனின் பிழைப்பு. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை தப்பிக்கும், அண்ணியின் டவர் போய்விடும்.

அண்ணன் அண்ணியை ஒருமுறை பார்த்தார். "பேசுவாங்க சார். நீங்க டவர் போட்டா அடுத்த மாசமே நான் கடைய மூடிடுவேன். அவ்ளோ நிச்சயம்."

அதிகாரி வரைபடத்தை மறுபடி விரித்தார்.

முதலியார்பேட்டைக்கு டவர் வந்தது. சொன்னபடியே அண்ணன் கடையை மூடினார். இப்போது அதே இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார். அந்தக் கூட்டம் இல்லை, வருமானமும் அந்த அளவுக்கு இல்லை. இந்த இருவரும் என் வீட்டு மனிதர்கள் என்பதில் எனக்குப் பெருமை அதிகம். நல்லா ஓடின கடையை ஏன் மூடினீர்கள் என்று யாராவது கேட்டால், அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்: "எம்பொண்டாட்டி டவர் போட்டுட்டா!"