கெட்டுப்போகாத ஐந்து ஃபைல்கள்

எந்த சாஃப்ட்வேரில் எங்கே பக், அதாவது பிழை, வரும் என்று முன்கூட்டியே சொல்வது என் ஆராய்ச்சி. ஜோசியரிடம் ஆதாரம் கேட்க மாட்டார்கள், என்னிடம் கேட்பார்கள் என்பதுதான் வித்தியாசம். பிஎச்.டி. என்ற பெயரில் அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

முதல் பரிசு

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களின் தரத்தை அளந்து பட்டியல் போட்டேன். புகார் குறைந்தால் தரம் அதிகம் என்பது என் கணிப்பு. பட்டியலில் இருந்த ஒரு சாஃப்ட்வேர்மேல் ஒரு புகார்கூட இல்லை. சிதம்பரத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் அதற்கே முதலிடம் கொடுத்துப் பேசிவிட்டு, அதை எழுதியவருக்கும் பெருமையாகத் தகவல் அனுப்பினேன். மனிதர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "ரொம்ப சந்தோஷம் சார். என்னத் தவிர அத யூஸ் பண்ணிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

துஆ

அதற்குப் பிறகு என் கைடு மேடம் கறாராகிவிட்டார். நூலகங்களில் நிஜமாகவே ஓடும் ஒரு சாஃப்ட்வேரை எடுத்து, அடுத்த வெர்ஷனில் எந்த ஐந்து ஃபைல்களில் பக் வரும் என்று எழுதித் தரச் சொன்னார். பலித்தால்தான் தீசிஸில் கையெழுத்து. என் பதிவுக் காலம் முடிய இரண்டே மாதம்; தவறினால் ஆறு வருஷ உழைப்பு காலி. எழுதிக் கொடுத்தேன். மரியாதைக்காக ஒரு நகலை அந்த சாஃப்ட்வேரைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினேன்.

புது வெர்ஷன் வந்தது. தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறியதும் போனில் புகார்ப் பக்கத்தைத் திறப்பேன். மற்ற ஃபைல்களில் ஒன்றிரண்டு புகார் வந்தது. என் ஐந்தைப் பற்றி மூச்சே இல்லை. பயத்தில் சோறு இறங்கவில்லை. தொழுகையிலும் அந்த ஐந்தில் பக் வர வேண்டும் என்பதே வேண்டுதல். விஷயத்தைக் கேட்ட என் மனைவியின் தம்பி ரஃபீக் சொன்னான்: "அடுத்தவன் பொருளு கெட்டுப்போவணும்னா மச்சான் துஆ கேக்குறீங்க? படிப்பு ஜாஸ்தியாயிட்டா இப்புடித்தான் ஆவும் போல."

கையெழுத்து

கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போது, பொறுக்க முடியாமல் பராமரிப்பவர்களுக்கே எழுதிக் கேட்டேன். மறுநாள் பஸ்ஸில் போகும்போது பதில் வந்தது. என் பட்டியலைப் பார்த்து, அந்த ஐந்தையும் வெளியிடுவதற்கு முன்பே சோதித்தார்களாம். நான்கில் பக் இருந்ததாம். சரிசெய்த பிறகுதான் வெளியிட்டார்களாம். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கையெழுத்தும் போட்டார். பல நாளுக்குப் பிறகு அன்று மதியம்தான் வயிறாரச் சாப்பிட்டேன். தீசிஸை என் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது: "இனிமே பட்டியல அவுங்களுக்கு அனுப்பாத தம்பி. ஒழுங்கா வேல செஞ்சிடுறாங்க."

பலித்தால் அடுத்தவருக்குக் கஷ்டம், பலிக்காவிட்டால் எனக்குக் கஷ்டம் என்று ஓடும் இந்தத் தொழிலில், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தப்பித்தது அந்த ஒரு தடவைதான்.