அனுமந்தன்பட்டி ஷெட்டுக்கு ஒரு லிஃப்ட்

நௌஷாத்தின் வலது கை டிரில்லிங் மிஷினை ஷெட்டுத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தது. இடது கை, துளையிலிருந்து வந்த தூளைப் பழைய பெயின்ட் பிரஷால் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. சத்தம் மாறியதும் மிஷின் நின்றது. பிறகு கைகள் ஒரு சைக்கிள் சக்கரத்துக் கம்பியை எடுத்து, வளைந்த நுனியைத் துளைக்குள் இறக்கின. சிமென்டின் அடிவிளிம்பில் கொக்கி மாட்டும்வரை மெல்லத் திருப்பி, தரைமட்டத்தில் கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்து டேப்பில் வைத்தன. இரண்டே கால் அங்குலம். இன்னும் மூன்று இடங்களில் இதையே செய்தன. சிமென்ட் எங்கும் மூன்று அங்குலம் தேறவில்லை.

"என் தரைய ஓட்டை போடத்தான் கம்பத்துலருந்து வந்தீகளா பாய்?" என்று கேட்டார் ஷெட்டுக்குச் சொந்தக்காரரான முத்துராமலிங்கம். பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இது தரை இல்லண்ணே, அப்பளம். வயக்காட்டு மண்ண நிரவி, அதுக்கு மேல அப்பளம் போட்டு வச்சிருக்கீக," என்றார் நௌஷாத்.

முத்துராமலிங்கம் இருபத்திரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன் அனுமந்தன்பட்டியில் வேலையாட்களை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு லீவு. அன்றைக்கு அவரே அடியில் நுழைந்து பிரேக் பைப், டிரம், வண்டியின் கனம் தாங்கும் பட்டாக் கட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். வேறு மெக்கானிக்கை அண்டவிட்டதில்லை. ஷெட்டில் முன்பு, இறங்கி நின்று அடிப்பக்கம் பார்க்க ஒரு குழி இருந்தது. ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் குழிக்குள் முழங்கால் அளவு ஊறிவிடும் என்பதால் அதை மூடிவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்துதான் பார்த்துவந்தார். இந்தத் தை மாதம் முதுகில் தட்டு விலகியது. வண்டி ஓட்டலாம், இனித் தரையில் படுத்து வேலை பார்க்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

"அடியில பாக்காம மலை ஏத்த மாட்டேன் பாய். நின்னு பாக்க வழி இருந்தா வண்டி இருக்கும். இல்லையா, வித்துருவேன்," என்று முதல்நாளே சொல்லியிருந்தார்.

வீடியோ பார்த்து, வண்டியைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றையும் அவரே தேர்ந்து வைத்திருந்தார். இரண்டு தூண்கள், தூணுக்கு இரண்டு கைகள். கைகள் சேஸைத் தாங்கித் தூக்கும், நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். போல்ட் அடித்து நிறுத்த மட்டும் நௌஷாத் வந்தால் போதும் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

நௌஷாத் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கம்பத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் ஜீப் கழுவ வந்தவர். அங்கே வண்டி தூக்கும் ஒற்றை ஜாக்கியில் ஆயில் கசிந்துகொண்டே இருந்தது. பழுது பார்ப்பவர் வர இரண்டு மாதம் ஆகும் என்றதும், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அவரே கழற்றினார். கழற்றிய வரிசையிலேயே சாமான்களைச் சாக்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் நோட்டில் படமாக வரைந்து வைத்துக்கொண்டார். மாட்டி முடித்தபோது கசிவு நின்றிருந்தது. அந்த வேலையே பிழைப்பாயிற்று. தேனியிலிருந்து குமுளி வரைக்கும் இப்போது லிஃப்ட் என்றால் அவர்தான். வயது நாற்பத்தாறு. அளக்காமல் வாயைத் திறக்க மாட்டார். "துணிக்கொடி கட்டுறதுக்குக்கூட மட்டம் பாக்க டியூப் லெவல் புடிக்கிறவக" என்பது அவர் மனைவி பாஜிலா சொல்வது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. புடிச்சதனால்தான் போர்வை ஒரு பக்கம் சரியவில்லை என்பார்.

தரையைப் பார்த்தாயிற்று. அடுத்து ஜீப்பை மார்க்கையன்கோட்டையில் உள்ள எடைமேடைக்கு ஓட்டிப் போகச் சொன்னார். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. முன்னால் அறுநூற்றுத் தொண்ணூறு கிலோ, பின்னால் ஆயிரத்து முப்பது.

"ஆளே ஏறல, அதுக்குள்ள பின்னாடி இம்புட்டு கனமா?" என்று முத்துராமலிங்கம் எடைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்பாடிய ஒன்றரை அடி இழுத்து வெல்டிங் வச்சது யாரு? பெஞ்சு, படி, மேல கேரியரு, பத்தாததுக்கு ரெண்டு பட்டா கூடுதல். இத ரெண்டு தூண்ல தூக்குனா வாலு தாழும். தரையும் அப்பளம். ஒங்களுக்கு நாலு தூண்தாண்ணே. சக்கரத்தோட பலகையில ஏறி நிக்கும், நாலு காலுக்கும் கனம் பிரிஞ்சிரும். பிரேக்கு பாக்கணும்னா நடுவுல ஓடுற ஜாக்கிய வச்சுச் சக்கரத்தத் தூக்கிக்கிரலாம்."

முத்துராமலிங்கம் ஒப்புக்கொண்டார். ஆனால் உயரம் இடித்தது. அவர் நிமிர்ந்து நிற்கப் பலகை ஐந்தரை அடி போக வேண்டும். ஜீப்போ கேரியரோடு ஆறே முக்கால். மொத்தம் பன்னிரண்டே கால் அடி. ஷெட்டின் தகரம் வாசல் பக்கம் பதினைந்தடி, உள்சுவரில் பதினொன்று. ஜீப்பின் வால் உள்சுவரை ஒட்டி நிற்பதால் கேரியர் தகரத்தில் ஏறக்குறைய ஓரடி முட்டும். நௌஷாத் சுவரில் சாக்கட்டியால் ஷெட்டையும் ஜீப்பையும் அளவு மாறாமல் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். மூன்றாம் நாளும் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தகரத்தைப் பிரித்து உயர்த்த வேண்டும் என்றால் பக்கத்து அடுப்படியின் கூரையும் சேர்ந்து வரும்.

முத்துராமலிங்கத்தின் மனைவி மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்தார்; படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பின்பக்கந்தான முட்டுது? மூஞ்சிய உள்ள விட்டு நிறுத்துனா என்ன?"

கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் ஓட்டுகிற யாரும் வண்டியின் முகத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்துவதில்லை. ரிவர்ஸில் விட்டு, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்துவார்கள். விடியுமுன் ஏறினால் நேரே கிளம்ப வேண்டும். ஜீப்புகளுக்கிடையே வளர்ந்த நௌஷாத்துக்கும் அது கண்ணில் ஊறிப்போயிருந்தது. வண்டி நின்றபடியேதான் அளந்தார். திருப்பி நிறுத்தி அளக்கத் தோன்றவே இல்லை.

"ஜீப்பு லைன்ல எவனாச்சும் அப்புடி நிறுத்துவானா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்?" என்றார் முத்துராமலிங்கம்.

"ஆமா, உங்க ஜீப்பு கல்யாண மாப்பிள்ள. வாசலப் பாத்துத்தான் நிக்கணும்!" என்றார் மாரீஸ்வரி.

நௌஷாத் ஜீப்பை அழித்துவிட்டுத் திருப்பி வரைந்தார். தாழ்ந்த தகரத்தின் கீழே தாழ்ந்த பானெட் வந்தது. கேரியருக்கு மேல் அரையடி மிச்சம் இருந்தது.

"மதினி சொல்றதுதான் சரி. நான் மூணு நாளா மாங்கா மடையனா நின்னுருக்கேன்," என்றார். "ஞாயித்துக்கெழம மட்டும் மூஞ்சி உள்ள இருக்கட்டும்ணே. மத்த நாளு மாப்பிள்ள வாசலப் பாக்கட்டும்."

தூண்கள் நிற்கும் நான்கு இடங்களில் மட்டும் தரையை வெட்டி, நிரவிய மண் முடிந்து கெட்டி மண் வரும்வரை தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். அது இறுக இருபத்தொரு நாள் ஈரச்சாக்கு போடச் சொன்னார்.

"ஏழு நாளு போதும்னு எல்லாரும் சொல்றாக பாய்."

"எல்லாருமா அடியில நிக்கப் போறாக? நீங்கதான நிக்கப் போறீக."

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் நௌஷாத்தே தெருவில் ஜீப்புக்கு அடியில் படுத்தார். முத்துராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இடது பைப்பு வளையிற எடத்துல வெரல வச்சுப் பாத்தீகளா? வலது?" என்று விடாமல் கேட்டார். தன்னைப்போல ஒருவரிடம் மாட்டிக்கொண்டதில் நௌஷாத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

தூண்கள் நின்றன. தாழ்ந்த பக்கத்தில் தகரத்தைத் தாங்கும் குழாயில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, எது அதைத் தொட்டாலும் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வைத்தார் நௌஷாத். மறந்துபோய் ரிவர்ஸில் நிறுத்தித் தூக்கினாலும் கேரியர் தகரத்துக்குப் போகாது. முகம் உள்ளே இருக்க, ஜீப்பின் பின்னால் பத்து மூட்டை சிமென்ட் ஏற்றித் தூக்கி, பலகை இறங்காமல் பிடிக்கும் கொண்டியை விழவைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டார். டியூப் லெவலில் நான்கு மூலையும் நூல் பிசகாமல் நின்றது. பிறகுதான் மூட்டைகளை இறக்கினார்.

"இப்பப் போங்கண்ணே."

முத்துராமலிங்கம் குனியாமல் ஜீப்புக்கு அடியில் போனார். நடுவில் நின்று, தலைக்கு மேலே இருந்த பிரேக் பைப்பை முன்னாலிருந்து பின்னால் வரை விரலால் தடவிக்கொண்டு நடந்தார். திரும்பி நடந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அதை முழுநீளத்துக்கு ஒரே பார்வையில் அவர் பார்த்ததில்லை.

"மாரீசு, டார்ச்ச எடுத்துட்டு வா," என்றார். பட்டாக் கட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மத்தியானச் சோற்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

நௌஷாத் சாமான்களைக் கட்டிவிட்டு, சுவிட்ச் பெட்டியின் சாவியோடு வந்து நின்றார்.

"சாவியப் புடிங்கண்ணே."

"அங்கன ஸ்டூல்ல வையுங்க பாய், கையெல்லாம் கிரீசு."

"கையிலதான் குடுப்பேன்."

முத்துராமலிங்கம் லுங்கியில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு வாங்கினார்.